பீம் வெல்டிங் லைன் போடலாமா, ரோபோ வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி கேட்டது இதுதான். திருச்சி பக்கம் ஷெட் போட்டு ஸ்ட்ரக்சுரல் வேலை செய்கிறார். மாதம் 60, 70 டன் ஓடுகிறது, ஒன்பது வெல்டர்கள் இருக்கிறார்கள். பிளேட்டை வெட்டிச் சேர்க்கிற பில்ட்-அப் பீம் ஆர்டர் இப்போது நிறைய வருகிறதாம். ஆட்டோமேட்டிக் வெல்டிங் லைன் போடலாமா, இல்லை நேரே ரோபோவுக்கே போய்விடலாமா, அப்படிப் போனால் இந்த ஒன்பது பேரை என்ன செய்வது என்று கேட்கிறார். இருபத்தைந்து வருஷமாக இதே வேலையில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீள வெல்டுக்கு மிஷின் போடுங்கள், அதற்கு முன்னால் கட்டிங்கையும், வெட்டின துண்டுகளைப் பொருத்திப் பிடிக்கிற ஃபிட்-அப்பையும் சரி பண்ணுங்கள். ரோபோ இன்றைக்கு உங்களுக்கு வேண்டாம். வெல்டர் ஒருத்தரைக்கூட அனுப்ப வேண்டியிருக்காது.

வாங்குவதற்கு முன் உங்கள் டன்னேஜைப் பிரித்துப் பாருங்கள். ஐஎஸ்எம்பி என்கிற இந்தியத் தர ஐ-பீம் மாதிரி ரோல் பண்ணி வருகிற பீம் எவ்வளவு, பிளேட்டிலிருந்து நீங்களே கட்டுகிற பீம் எவ்வளவு? ரோல் பீமில் நீள வெல்டே கிடையாது, மில்லிலேயே ஒரே துண்டாக வந்துவிடுகிறது. அதில் முனையில் ஒட்டுகிற எண்ட் பிளேட், இணைப்புக்கான கிளீட், முட்டுக் கொடுக்கிற ஸ்டிஃபனர் என்று துண்டு துண்டான வேலைதான். ஐஎஸ்எம்பி 600 மிமீ உயரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் உயரம் வேண்டுமென்றாலோ, பிஇபி (ஃபேக்டரியிலேயே செய்து கொண்டுபோய் மாட்டுகிற) ஷெட்டில் வருகிற மாதிரி ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் குறுகியும் வேண்டுமென்றாலோ, நடுவில் நிற்கிற வெப் ஒன்று, மேலும் கீழும் வருகிற பிளேஞ்ச் இரண்டு என்று மூன்று பிளேட்டைச் சேர்த்துத்தான் ஆக வேண்டும். மிஷின் அங்கேதான் காசு கொடுக்கும்.

12 மீட்டர் பீம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பின் இரண்டு பக்கமும் வெல்டு என்றால் நான்கு வரிசை, மொத்தம் 48 மீட்டர். மூலையில் முக்கோணமாகப் போடுகிற வெல்டை ஃபில்லெட் என்போம், 6 மிமீ ஃபில்லெட்டுக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 160 கிராம் உலோகம் இறங்க வேண்டும். 4 மிமீ ராடு ஒன்று 40 கிராமுக்குக் கொஞ்சம் குறைவாகக் கொடுக்கும், அதாவது மீட்டருக்கு நாலு ராடு, பீமுக்கு ஏறக்குறைய 200 ராடு. 200 தடவை ஆர்க்கை நிறுத்தி, கசடு தட்டி, பிரஷ் போட்டு, மறுபடி ஆரம்பிக்க வேண்டும். வெல்டு கெட்டுப்போவதும் பெரும்பாலும் இந்த நிறுத்தி ஆரம்பிக்கிற இடங்களில்தான். அதே 48 மீட்டரைச் சப்மெர்ஜ்டு ஆர்க் மிஷின் நிமிஷத்துக்கு 500 மிமீ வேகத்தில் போட்டால் வெல்டு போடுகிற ஒரு ஹெட்டுக்கு 96 நிமிஷம், இரண்டு ஹெட் இருந்தால் 48 நிமிஷம். பீமைத் தூக்கித் திருப்பி வைக்கிற நேரம் தனி. அந்த நேரத்தையும் குறைத்து எடைபோடாதீர்கள், கிரேன் ஒன்றே ஒன்று இருந்தால் மிஷின் பாதி நேரம் அதற்காகக் காத்துக்கொண்டுதான் நிற்கும்.

இந்த சப்மெர்ஜ்டு ஆர்க்கை ஷாப்பில் சா (SAW) வெல்டிங் என்போம். இது புதிய சமாச்சாரமே இல்லை. 1930களில் அமெரிக்காவில் வந்தது. கீவ் நகரத்தில் 1934-இல் பேட்டன் என்கிற எஞ்சினியர் ஆரம்பித்த வெல்டிங் நிலையம் இதை எடுத்து வளர்த்து, இரண்டாம் உலகப் போரில் டாங்கிகளின் உடலை இப்படித்தான் ஒட்டினார்கள். நீப்பர் ஆற்றின் குறுக்கே ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளமாக, ரிவெட்டே இல்லாமல் முழுக்க வெல்டு பண்ணின பாலம் 1953-இல் அங்கே திறக்கப்பட்டு, அவர் பெயரிலேயே நிற்கிறது. நேராக நீளமாகப் போகிற வெல்டை மிஷினிடம் விடலாமா என்பது எழுபது வருஷத்துக்கு முன்பே முடிந்துபோன விவாதம், அதில் தயங்க வேண்டாம்.

பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களோ என்னவோ, சொல்கிறேன். முன்னால் ஒரு குழாய் ஃப்ளக்ஸை, அதாவது வெல்டைக் காற்றுப் படாமல் மூடுகிற பொடியை, மணல் மாதிரி மூலையில் கொட்டிக்கொண்டே போகும். அந்த மணலுக்கு அடியில் கம்பி உருகிக்கொண்டிருக்கும், 3.15 மிமீ கம்பி என்றால் 450, 500 ஆம்பியர், 30 வோல்ட் சுமாருக்கு. ஆர்க் வெளியே தெரியாது, புகை பெரிதாக இல்லை, ஒரு சீரான உறுமல் மட்டும் கேட்கும். பின்னால் வருகிற உறிஞ்சு குழாய் உருகாத ஃப்ளக்ஸை எடுத்துக்கொண்டுபோனதும் அடியில் கறுப்புக் கண்ணாடி போலக் கசடு உறைந்திருக்கும். ஆற ஆற டிக் டிக்கென்று சத்தம் விட்டுக்கொண்டு அதுவே முறுக்கி எழும்பி, கையகலத் துண்டுகளாகக் கழன்று விழும். அடியில் வெல்டு இழைத்து வைத்த மாதிரி இருக்கும். கசடு தானாக எழும்பாமல் சுத்தியலால் தட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் வோல்டேஜிலோ வேகத்திலோ எங்கேயோ தப்பு இருக்கிறது.

சரி, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன், கேப். வெப்புக்கும் பிளேஞ்சுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி. உங்கள் லைன் ஓடுமா நிற்குமா என்பதைத் தீர்மானிக்கிறது இது ஒன்றுதான்.

கையால் போடுகிற வெல்டருக்கு எதிரே 3 மிமீ கேப் வந்தால் கண்ணில் படுகிறது. உடனே கையை மெதுவாக்குவார், கொஞ்சம் ஆட்டுவார், கேப்பை நிரப்பிவிட்டு மேலே போவார். யாரும் சொல்லிக்கொடுத்து அதைச் செய்வதில்லை, கை தானாகச் செய்யும். மிஷினுக்கு அது தெரியாது. கேப் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே 500 மிமீ வேகத்தில்தான் போகும். கேப் சின்னதாக இருந்தால் வெல்டு பார்க்க அழகாக இருக்கும், பலம் குறைந்திருக்கும். 3 மிமீ கேப்பின் மேல் போட்ட 6 மிமீ ஃபில்லெட் வேலைக்கு 3 மிமீ ஃபில்லெட்தான். அமெரிக்க வெல்டிங் விதிமுறை டி1.1 இதைத் தெளிவாகவே சொல்கிறது. கேப் 2 மிமீக்கு மேல் போனால் எவ்வளவு கேப்போ அவ்வளவு வெல்டு அளவைக் கூட்ட வேண்டும், 5 மிமீக்கு மேல் கேப்பே விடக் கூடாது. கேப் பெரிதாகிவிட்டால் அப்புறம் அழகும் போய்விடும், ஃப்ளக்ஸ் அதன் வழியாகக் கீழே ஒழுகும், பின்னாலேயே உலோகமும் ஒழுகும்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு ஷாப்பில் இப்படி நடந்தது. லைன் வந்து மூன்றாம் நாள். வெப் பட்டைகளைக் கையால் கேஸ் கட்டிங் பண்ணியிருந்தோம், ஓரமெல்லாம் அலை அலையாக இருந்தது, கிரைண்டிங் பண்ணிச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தோம். ஆறு மீட்டர் வரை ஒழுங்காகப் போனது. ஏழாவது மீட்டரில் அந்த உறுமல் திடீரென்று மாறியது, ஈரத்துணியை உதறுகிற மாதிரி ஒரு சத்தம். ஃப்ளக்ஸ் மேட்டின் நடுவில் எறும்புப் புற்று உள்வாங்கினது போல ஒரு குழி விழுந்தது. ஆபரேட்டர் ஸ்டாப் அழுத்துவதற்குள் நாலு இடத்தில் ஓட்டை, கீழே பிளேஞ்ச் மேல் உலோகம் கட்டி கட்டியாக உறைந்து கிடந்தது. அந்த ஒரு பீமில் கெட்ட வெல்டைத் தோண்டி எடுத்து, அடைத்து, மறுபடி போட்டு எடுக்க இரண்டு நாள் ஆனது. மிஷின் சரியில்லை என்று அதை விற்றவரை வரவழைத்தார்கள். அவர் வந்து ஃபீலர் கேஜை எடுத்து வெப் நெடுகக் கேப்பை அளந்து சாக்பீஸால் எழுதிக்கொண்டே போனார். 1, 2, 4, 3, 5. அதற்குமேல் யாரும் ஒன்றும் பேசவில்லை.

அதனால் உங்கள் முதல் காசு மல்டி-டார்ச் பட்டை வெட்டும் மிஷினுக்குப் போக வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பிளேட்டிலிருந்து ஒரு பட்டையை ஒரு ஓரம் மட்டும் சூடுபட வெட்டினால், அந்த ஓரம் ஆறும்போது சுருங்கி, 12 மீட்டர் பட்டை வாழைப்பழம் மாதிரி வளைந்துவிடும். அதை எந்த ஃபிட்டராலும் பிளேஞ்சோடு நேராகப் பொருத்த முடியாது. இரண்டு ஓரத்தையும் ஒரே நேரத்தில் இரண்டு டார்ச் வெட்டிக்கொண்டு போனால் சுருக்கம் இரண்டு பக்கமும் ஈடாகிவிடும், பட்டை நேராக நிற்கும். அடுத்த காசு ஃபிட்-அப் மிஷினுக்கு, ஹைட்ராலிக்கில் பிளேஞ்சை வெப்போடு அழுத்திப் பிடித்து டேக் அடிக்கிற (சின்னச் சின்ன வெல்டால் தற்காலிகமாகப் பிடிக்க வைக்கிற) அமைப்பு. இந்த இரண்டும் வந்துவிட்டால் வெல்டிங் பகுதி தானாகச் சுலபமாகிவிடும். இந்த இரண்டும் இல்லாமல் நல்ல வெல்டிங் மிஷினை வாங்கினவர்கள் அதைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருப்பதைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்திருக்கிறது. கடன் வாங்கிப் போட்ட காசு அது.

வளைவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெல்டு ஆறும்போது இழுக்கும். இரண்டு பக்கமும் ஃபில்லெட் போட்டால் பிளேஞ்ச் குடை மாதிரி வெப் பக்கமாக மடங்கும், அதை நிமிர்த்த உருளை வைத்த பிளேஞ்ச் ஸ்ட்ரெய்ட்டனர் தனியாக இருக்கிறது. மெல்லிய பிளேஞ்சுக்கு அது கட்டாயம் வேண்டும். ஒரு பிளேஞ்சை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் பீமே வளையும். பீமைப் படுக்கவைத்து மேல் பிளேஞ்ச், கீழ் பிளேஞ்ச் இரண்டையும் இரண்டு ஹெட் ஒரே நேரத்தில் போட்டுக்கொண்டு போனால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

இப்போது ஃப்ளக்ஸ். நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஃப்ளக்ஸ் மூட்டையைத் திறந்துபோட்டுவிட்டு வீட்டுக்குப் போனீர்கள் என்றால் காலையில் அது ஈரத்தைக் குடித்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, கையில் எடுத்தாலும் தெரியாது. வெல்டு போட்டுக் கசடு எழும்பினதும் தெரியும், நடுவில் புழு அரித்த மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். ஈரம் ஆர்க்கில் ஹைட்ரஜனாகிவிடுவதால், தடித்த பிளேட்டிலும் பலம் கூடிய ஸ்டீலிலும் வெல்டு போட்டு ஒன்றிரண்டு நாள் கழித்து விரிசல் விடுகிற ஆபத்தும் இருக்கிறது. ஓட்டையை விட எனக்கு அதுதான் பயம், ஏனென்றால் அதற்குள் பீம் லாரி ஏறியிருக்கும். இப்போதெல்லாம் வாங்குகிற உருண்டை ஃப்ளக்ஸை 300 முதல் 350 டிகிரியில் இரண்டு மணி நேரம் ஓவனில் வைத்து எடுங்கள், மூட்டையில் போட்டிருப்பதைப் படித்துவிட்டு அதன்படி செய்யுங்கள். திரும்ப உறிஞ்சி எடுக்கிற ஃப்ளக்ஸைச் சலித்துத் தூசியை எடுத்துவிட்டுப் புதியதோடு கலந்து போடுங்கள். ஓவன் வாங்குவதில் சிக்கனம் பார்க்காதீர்கள். வெல்டு விழுகிற இடத்தில் துருவும் எண்ணெயும் பிரைமரும் இல்லாமல் கிரைண்டிங் பண்ணிவிடுங்கள், கையால் போடுகிற ராடு மன்னிக்கிற அழுக்கை இந்த வேகத்தில் மிஷின் மன்னிக்காது.

அடுத்து, எனக்குக் கோபம் வருகிற ஒரு விஷயம். டிராயிங்கில் எங்கே பார்த்தாலும் 8 மிமீ ஃபில்லெட், சில பேர் 10 மிமீ என்று எழுதிவிடுகிறார்கள், பாதுகாப்புக்காம். ஃபில்லெட்டின் உலோகம் அளவின் வர்க்கத்தில் ஏறும். 6 மிமீயிலிருந்து 8 மிமீக்குப் போனால் 36-க்கு 64, ஏறக்குறைய 1.8 மடங்கு கம்பி, 1.8 மடங்கு நேரம், வளைவும் அதற்குத் தக்கபடி கூடும். தேவை எவ்வளவு என்று பாருங்கள். ஸ்டீல் கட்டுமானத்துக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 800 படி 10 மிமீக்கு மேல் 20 மிமீ வரை தடிமனுக்குக் குறைந்தபட்ச அளவு 5 மிமீதான், 32 மிமீ வரை 6 மிமீ. பலத்தைக் கணக்குப் பண்ணினால், ஷாப்பில் போட்ட 6 மிமீ ஃபில்லெட் சாதாரண இ250 ஸ்டீலில் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 80 டன் தாங்கும். வழக்கமான ஷெட் பீமில் வெப்புக்கும் பிளேஞ்சுக்கும் நடுவில் வருகிற விசை அதற்குப் பக்கத்தில்கூட வராது. எஞ்சினியரிடம் மரியாதையாக உட்கார்ந்து, "சார், இந்த 8 எதற்கு, 6 போதுமா, கணக்கைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். நான் கேட்ட இடங்களில் பாதிக்கு மேல் குறைத்துக் கொடுத்திருக்கிறார்கள். நீங்களாக மட்டும் குறைத்துவிடாதீர்கள்.

இதோடு ஒட்டினது ஒரு பக்க வெல்டு. பிஇபி கம்பெனிகள் வெப்பின் ஒரு பக்கம் மட்டும் நீளமாக ஃபில்லெட் போட்டு மறுபக்கத்தை விட்டுவிடுவார்கள். பார்க்கிறவர்களுக்கு ஏமாற்று வேலை மாதிரித் தெரியும், ஆனால் மேலே சொன்ன கணக்கைப் பார்த்தால் புரியும், கூரைச் சுமை மட்டும் வருகிற ஃபிரேமுக்கு டிசைனர் கணக்குப் போட்டு ஒப்புக்கொண்டால் அதில் தப்பில்லை. கிரேன் ஓடுகிற கர்டருக்கு மட்டும் அந்தப் பேச்சே எடுக்காதீர்கள். சக்கரம் ஒவ்வொரு தடவை மேலே போகும்போதும் பிளேஞ்ச் கொஞ்சம் ஆடும், வெல்டு போடாத பக்கம் திறந்து மூடும், அந்த வேரிலிருந்து விரிசல் கிளம்பும். அங்கே இரண்டு பக்கமும் போட வேண்டும், பல இடங்களில் பிளேட்டின் முழுத் தடிமனுக்கும் இறங்குகிற முழு ஊடுருவல் வெல்டே கேட்பார்கள்.

இனி ரோபோ. ஆஸ்திரியாவின் ஜெமான், நெதர்லாந்தின் வூர்ட்மன், கனடாவின் ஏஜிடி மாதிரி கம்பெனிகள் பீமில் ஸ்டிஃபனர், எண்ட் பிளேட், கிளீட் ஒட்டுகிற ரோபோ செய்கிறார்கள், சிலவற்றில் ரோபோவே துண்டை எடுத்து வைத்துப் பிடித்துக்கொள்ளும். டெக்லா மாதிரி மென்பொருளில் வரைந்த மாடலிலிருந்து எங்கே என்ன வெல்டு என்பதை அதுவே எடுத்துக்கொள்கிறது. பார்க்க நிறைவாக இருக்கும். கம்பி நுனியால் பிளேட்டை மெதுவாகத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும், கண் தெரியாதவர் விரலால் தடவி ஓரத்தைக் கண்டுபிடிக்கிற மாதிரி. மாடலில் இருக்கிற இடத்துக்கும் நிஜத்தில் இருக்கிற இடத்துக்கும் எத்தனை மில்லி வித்தியாசம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு ஆரம்பிக்கும். போகும்போது டார்ச்சை ஆட்டிக்கொண்டே கரண்ட் ஏறி இறங்குவதை வைத்து மூலையின் நடுவைப் பிடித்துக்கொண்டு போகும். ஜப்பானில் கோபெல்கோ ரோபோக்கள் கட்டடத் தூண்களை ரொம்ப வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கின்றன. அங்கே பெட்டித் தூணும் அதோடு சேர்கிற டயஃப்ராம் தகடும் மறுபடி மறுபடி ஒரே மாதிரி வருகிற வேலை, அதனால் அங்கே நன்றாகப் பொருந்தியது.

உங்களுக்கு ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், இது ஓட வேண்டுமானால் ஒவ்வொரு வேலைக்கும் சரியான முப்பரிமாண மாடல் வேண்டும், அதில் வெல்டு அளவு உட்பட எல்லாம் இருக்க வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், துண்டுகள் மில்லி சுத்தமாக வெட்டி வர வேண்டும். நீங்கள் சைட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் வருகிற திருத்தத்தை வைத்து மாலையில் கிளீட்டை மாற்றி ஒட்டுகிற நிலையில்தான் இப்போது இருப்பீர்கள், இந்தத் தொழிலில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். மாதம் சில நூறு டன் வந்து, டிராயிங் ஒழுங்காக வர ஆரம்பித்த பிறகு யோசிக்கலாம். இப்போதைக்கு கம்பியும் கேஸும் தானாக வருகிற ஒரு மிக் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு தானாக ஊர்ந்து போகிற சின்ன ஃபில்லெட் கேரேஜ், இல்லை சா வெல்டிங் டிராக்டர் ஒன்று வாங்கி ஆறு மாதம் ஓட்டிப் பாருங்கள். உங்கள் கேப் எப்படி இருக்கிறது என்பது அதிலேயே வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

அந்த ஒன்பது பேரைப் பற்றி. மே மாதம் தகர ஷெட்டுக்குள் தோல் கையுறை, ஏப்ரன், முகமூடியோடு உட்கார்ந்து ஒருவர் 200 ராடு எரிப்பதை நானும் செய்திருக்கிறேன். ராத்திரி கண்ணில் மண்ணைக் கொட்டின மாதிரி உறுத்தும், உருளைக்கிழங்கை வெட்டி வைத்துக்கொண்டு படுப்போம். அந்த நீள வெல்டு அவர்கள் கையை விட்டுப் போவது நல்லதுதான், அதை நான் மனதாரச் சொல்கிறேன். அவர்கள் கை வேண்டிய இடம் வேறே இருக்கிறது.

1994 ஜனவரி 17 அன்று லாஸ் ஏஞ்சலீஸ் பக்கம் நார்த்ரிட்ஜில் நிலநடுக்கம் வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஸ்டீல் ஃபிரேம் கட்டடங்களில் பீம் தூணோடு சேர்கிற வெல்டில் விரிசல். முக்கியமாகக் கீழ் பிளேஞ்சில். அந்த வெல்டைப் போடும்போது நடுவில் வெப் குறுக்கே நிற்கும், வெல்டர் ஒரு பக்கம் பாதி போட்டு நிறுத்திவிட்டு மறுபக்கம் போய் ஒரு சின்னத் துளை வழியாகத் தொடர வேண்டும். சரியாக அந்த நடுவில்தான் குறைகள் நின்றன. முறிவுத் தாங்குதிறன் குறைந்த கம்பி, வெல்டுக்கு அடியில் வைத்து எடுக்காமல் விட்ட பேக்கிங் பட்டை, இணைப்பை வரைந்த விதம், எல்லாம் சேர்ந்துகொண்டது. வெப்பையும் பிளேஞ்சையும் சேர்க்கிற நீள வெல்டைப் பற்றி அங்கே யாரும் கவலைப்படவில்லை. கட்டடத்தின் உயிர் பீமின் முனையில் இருக்கிறது, உங்கள் நல்ல கைகளை அங்கே உட்கார வையுங்கள். எண்ட் பிளேட், பீமோடு பீம் சேர்கிற ஸ்ப்ளைஸ், கிரேன் பிராக்கெட் எல்லாம் அவர்களுக்கு.

ஒன்பது பேரில் இரண்டு பேரை மிஷினுக்குப் போடுங்கள், அதுவும் வயதில் சின்னவர் என்று பார்த்துப் போடாதீர்கள், காது நல்ல ஆளாகப் போடுங்கள். சா வெல்டிங்கில் ஆர்க் கண்ணுக்குத் தெரியாததால் சத்தத்திலும் மீட்டர் முள்ளிலும்தான் வண்டி ஓடும். பத்து வருஷம் ராடு பிடித்தவருக்கு அந்தச் சத்தம் ஒரே வாரத்தில் பிடிபட்டுவிடும். முறையாகக் கற்க வேண்டுமென்றால் திருச்சியிலேயே பெல் (BHEL) வளாகத்தில் 1975-லிருந்து வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, பயிற்சி கொடுக்கிறார்கள். இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு போகாமல் இருக்காதீர்கள். சம்பளத்தையும் கூட்டிக் கொடுங்கள், ஆபரேட்டர் என்று பேர் மாற்றிவிட்டு வெல்டர் கூலியிலேயே நிறுத்தினால் அடுத்த ஷெட்டுக்குப் போய்விடுவார்.

கடைசியாக, மிஷின் பார்க்கப் போகும்போது செய்ய வேண்டியது. டெமோவுக்கு அவர்கள் மில்லிங் பண்ணி வைத்திருக்கிற பளபளப்பான துண்டில் போட்டுக் காட்டுவார்கள், அதைப் பார்த்துக் கை கொடுத்துவிடாதீர்கள். உங்கள் ஷாப்பில் வெட்டின வெப், உங்கள் ஃபிட்டர் அடித்த டேக், அதையே ஒரு மீட்டர் நீளத்துக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள். போடச் சொல்லுங்கள். ஆறினதும் மூன்று இடத்தில் குறுக்கே அறுத்து, எமரியில் நன்றாகத் தேய்த்து, ஆல்கஹாலில் கொஞ்சம் நைட்ரிக் அமிலம் கலந்த நைட்டால் என்கிற கரைசலைத் தடவுங்கள், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு. அரை நிமிஷத்தில் வெல்டு தனியாக, பிளேட் தனியாக, நடுவில் சூடுபட்ட பட்டை தனியாகத் தெரியும். வெல்டு மூலை வரைக்கும் இறங்கியிருக்கிறதா, இரண்டு பிளேட்டின் மேலும் ஏறியிருக்கிற வெல்டின் இரண்டு காலும் சமமாக இருக்கிறதா, நடுவில் கோடு மாதிரி விரிசல் ஏதாவது ஓடுகிறதா என்று பாருங்கள். மூன்று துண்டும் ஒரே மாதிரி இருந்தால் விலை பேச உட்காருங்கள். மூன்றும் மூன்று மாதிரி இருந்தால் ஊருக்குத் திரும்பி வந்து, முதலில் கட்டிங் மிஷினுக்கு ஆர்டர் கொடுங்கள்.